முகமூடியுடன் வருபவரை வாசலில் மறிக்கலாமா?

ரொறன்ரோவிலிருந்து சிறியதொரு தமிழ்ச் செய்தித் தளத்தை நடத்திவரும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத்தவர். கொழும்பில் நான் பணியாற்றிய நாளேடொன்றில் சில காலம் என் மேசைக்கு எதிர்மேசையில் அமர்ந்து செய்தி மொழிபெயர்த்தவர். இப்போது பகலில் வேறு தொழில், இரவில் தளம். நலம் விசாரித்து முடிந்ததும் விடயத்திற்கு வந்தார்.

"அண்ணை, வி.பி.என். போட்டுக்கொண்டு வாறவங்களை ஒரேயடியா அடைச்சுவிடட்டோ? கருத்துப் பகுதியிலை வந்து தூசணத்தாலை எழுதிறாங்கள். ஒருத்தனைத் தடுத்தால் அடுத்த நிமிசம் வேறை நாட்டிலை இருந்து வாறான்."

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வேறு தள உரிமையாளர்களுக்கும் இருக்கக்கூடும்.

வி.பி.என். என்றால் என்னவென்று இலங்கை வாசகருக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. அதனை எங்களுக்குக் கற்றுத்தந்த பெருமை அரசாங்கங்களையே சாரும். 2018 மார்ச்சில் திகனயிலும் கண்டிச் சுற்றுவட்டாரங்களிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் ஒன்பது நாட்கள் மீண்டும் முடக்கம். அடுத்த மாதத்தில் இன்னும் இரு தடவைகள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, எரிபொருளும் மின்சாரமும் இல்லாத மக்கள் வீதிக்கு இறங்கிய வேளையில், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு சமூக ஊடகங்களை நிறுத்தியது. அன்று அமைச்சராகவிருந்த நாமல் ராஜபக்ச, தாமும் வி.பி.என். வழியாகவே எழுதுவதாகவும் இத்தகைய தடைகளால் எந்தப் பயனுமில்லை எனவும் டுவிட்டரில் பதிவிட்டார். அமைச்சரவையில் இருப்பவரே பின்வழியால் வந்து முன்கதவைப் பூட்டியதைக் குறைகூறிய காட்சி வேறெந்த நாட்டிலும் கிடைத்திருக்குமா தெரியவில்லை. பிற்பகலில் தடை நீங்கியது.

ஆக, எங்கள் நாட்டில் வி.பி.என். பாவிப்பவர் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் அமைச்சர் வரை எவராகவும் இருக்கலாம். நண்பரின் தளத்தில் தூசணம் எழுதுபவரும் அதே வாகனத்தில்தான் வருகிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், அவரால் தடுக்க முடியுமா? முடியும்; முழுமையாக முடியாது. ஒரு தளத்திற்குச் செல்லும் ஒவ்வொருவருடனும் ஓர் ஐ.பி. முகவரி கூடவே செல்கிறது. வி.பி.என். பாவிக்கும்போது தளத்தின் கண்ணுக்குத் தெரிவது உங்கள் வீட்டு முகவரியன்று, நடுவிலுள்ள சேவையகத்தின் முகவரி. அச்சேவையகங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கப்பட்ட தரவு நிலையங்களில் இருக்கின்றன. எந்த முகவரி எந்தத் தரவு நிலையத்திற்குரியது என்பது இரகசியமில்லை. அவற்றைப் பட்டியலிட்டு விற்பதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. தள உரிமையாளர் பட்டியலை வாங்கி, அதிலுள்ள முகவரிகளுக்குக் கதவை மூடச் சொன்னால் வேலை முடிந்தது. ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான கணக்குகள் திறக்கப்படுவது, கைத்தொலைபேசியின் கடிகாரம் ஒரு நாட்டையும் முகவரி இன்னொரு நாட்டையும் காட்டுவது போன்ற அடையாளங்களையும் சிலர் பார்ப்பார்கள்.

ஆனால் பட்டியல் பழசாகும். வி.பி.என். நிறுவனம் புதிய முகவரியை எடுக்கும். சாதாரண வீட்டு இணைப்புகளை இரவல் வாங்கி அவற்றின் வழியே ஆட்களை அனுப்பும் வியாபாரமும் நடக்கிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்காகத் தளங்களைச் சுரண்டி அள்ளும் நிரல்கள் பலவும் இப்போது அந்த வழியாகத்தான் வருகின்றன. மறுபுறம், பழைய முறை ஐ.பி. முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் ஏறத்தாழ 430 கோடிதான். போதாதபடியால் கைத்தொலைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒருவன் செய்த குறும்புக்காக அந்த முகவரியை மூடினால், அதே கோபுரத்தின் கீழிருக்கும் அப்பாவிகளும் வெளியே நிற்பார்கள்.

உடப்புக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வலை வளைத்துப் போடும்போது உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்ல முடியாது. மடி கரையேறிய பின்னர்தான் விற்கக்கூடிய மீனும் வீசவேண்டிய குஞ்சும் ஒன்றாகக் கிடப்பது தெரியும். நெட்பிளிக்ஸ் போன்ற பணபலமுள்ள நிறுவனத்திற்கே இது நேர்ந்தது. 2016 ஜனவரி 6ஆம் திகதி ஒரே நாளில் இலங்கை உட்பட 130 நாடுகளுக்குத் தன் சேவையை விரித்த அந்நிறுவனம், அடுத்த வாரமே வி.பி.என். வழியாக வருவோரைத் தடுக்கப்போவதாக அறிவித்தது. ஒவ்வொரு படத்திற்கும் நாடுவாரியாக உரிமை வாங்கியிருப்பதால் அதற்கு வேறு வழியிருக்கவில்லை. 2021 ஓகஸ்டில் அந்தத் தடை இறுக்கப்பட்டபோது, வி.பி.என். என்ற சொல்லையே அறியாத வீட்டு வாடிக்கையாளர் பலரும் தங்கள் படங்கள் காணாமற் போனதாக முறையிட்டனர். ரொறன்ரோவில் தனியொருவராக நள்ளிரவில் தளம் நடத்தும் என் நண்பரின் வலையில் எத்தனை குஞ்சுகள் சிக்கும்?

சட்டத்தின் பக்கம் அதிகம் தயங்கவேண்டியதில்லை. தனியார் தளமொன்று யாரை உள்ளே விடுவதென்று தீர்மானிப்பது உரிமையாளரின் விருப்பம். இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரமும், 2015இல் பத்தொன்பதாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட தகவல் அறியும் உரிமையும் நீதிமன்றத்தில் எழுப்பப்படுவது அரசின் செயலுக்கு எதிராகவே. தனியார் ஆசிரியர் ஒருவர் கதவை மூடினால் அதன்படி வழக்காட முடியாது. அமெரிக்காவில் உரிமையாளரின் பிடி இன்னும் இறுக்கமானது. கிறெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளம் 3டப்ஸ் என்ற நிறுவனத்தை எழுத்துமூலம் எச்சரித்து, அதன் முகவரிகளையும் மூடியது. அந்நிறுவனம் முகவரி மாற்றித் திரும்பவும் நுழைந்தது. 2013இல் கலிபோர்னிய சமஷ்டி நீதிமன்றம், அவ்வாறு நுழைவது கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் அனுமதியற்ற நுழைவாகலாம் என்று கூறி வழக்கைத் தொடர அனுமதித்தது. அங்கே முக்கியம் பெற்றது முகவரியை மாற்றிய தொழில்நுட்பம் மட்டுமன்று, வராதே என்று பெயர்சொல்லி எச்சரித்த பின்னரும் வந்ததே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் சிறிய விதிவிலக்கு ஒன்று உண்டு. 2018 டிசெம்பர் 3 முதல் நடைமுறையிலுள்ள புவியியல் தடை ஒழுங்குவிதியின்படி, அங்குள்ள வியாபாரத் தளங்கள் ஓர் உறுப்பு நாட்டு வாடிக்கையாளரை அவர் வாழும் நாட்டைக் காரணம்காட்டி மறிக்கக்கூடாது. திரைப்பட, தொலைக்காட்சிச் சேவைகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. எனவே "செய்யலாமா" என்று நண்பர் ஒரு சட்டத்தரணியைக் கேட்டால் "தாராளமாக" என்ற பதில்தான் கிடைக்கும். அவர் கேட்டது என்னை.

நான் பதில் சொல்வதற்கு முன் நினைவுக்கு வந்தது 2019 மே மாதம் 13ஆம் திகதி இரவு. விடுமுறையில் முந்தலுக்கு வந்திருந்தேன். முதல் நாள் சிலாபத்தில் ஒரு கடைக்காரரின் பேஸ்புக் பதிவொன்று தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டு, பள்ளிவாசல்களும் முஸ்லிம் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் வன்முறை குளியாப்பிட்டிப் பக்கமும், எங்கள் மாவட்டத்தின் நாத்தாண்டியப் பகுதிக்கும் பரவியது. கொட்டாரமுல்லையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நாடு முழுவதும் ஊரடங்கு. சமூக ஊடகங்கள் முடக்கம்.

எங்கள் வீதியில் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்களுடைய மகளை நாத்தாண்டியப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குரல் அழைப்புக்குத் தடையில்லை; ஆனால் அந்தப் பிள்ளையின் தொலைபேசி பகல் முதலே ஓய்ந்திருந்தது. பல கிராமங்களில் சனங்கள் வீடுகளை விட்டு வயல்களுக்குள்ளும் பற்றைகளுக்குள்ளும் ஒதுங்கியிருந்த இரவு அது. தொலைக்காட்சியில் ஊரடங்கு நேரத்தையும் அமைதி காக்கும்படியான வேண்டுகோளையும் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். எந்த ஊர், எந்தப் பாதை, இராணுவம் வந்துவிட்டதா என்பதை ஒருவரும் சொல்லவில்லை. தகப்பனார் மதிலுக்கு அப்பால் நின்று, "சேர், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று மூன்று தடவை கேட்டார். பத்திரிகைக்காரன் என்றால் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. எனக்குத் தெரிந்திருந்தது அவருக்குத் தெரிந்ததைவிட மிகச் சொற்பம்.

பக்கத்து வீட்டுப் பையன்தான் என் தொலைபேசியில் வி.பி.என். செயலியைப் போட்டுத் தந்தான். வட்ஸ்அப் திறந்தது. அந்தப் பகுதிச் செய்தியாளர் ஒருவர் பெரிய வெளிநாட்டுச் செய்தித் தளமொன்றின் இணைப்பை அனுப்பி, இதில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தார். அழுத்தினேன். உங்கள் இணைப்பு அடையாளம் மறைக்கும் சேவையொன்றிலிருந்து வருவதால் அனுமதிக்க முடியாது என்று திரையில் வந்தது. செயலியை நிறுத்தினால் அத்தளம் திறந்தது, வட்ஸ்அப் போய்விட்டது. போட்டால் வட்ஸ்அப் வந்தது, செய்தி மூடிக்கொண்டது. என் வயதில் ஒருவன் நள்ளிரவில் ஒரு பொத்தானை அழுத்துவதும் விடுவதுமாக அரைமணித்தியாலம் இருந்தேன். அந்தத் தளத்தார் எங்களுக்குத் தீங்கு நினைத்து அதைச் செய்யவில்லை. அவர்களுடைய தொழில்நுட்பப் பிரிவில் யாரோ, ஏதோ ஒரு திருட்டைத் தடுப்பதற்காக, ஒரு சிறு கட்டத்தில் சரி அடையாளம் போட்டிருப்பார். அந்த அடையாளத்தின் மறுமுனையில் முந்தலில் ஒரு மதிலுக்கு அருகே ஒரு தகப்பன் நிற்பார் என்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை. பிள்ளையிடமிருந்து விடியப்புறம் அழைப்பு வந்தது.

இன்னும் பின்னே போகிறேன். 2007 ஜூனில் தமிழ்நெற் தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. அதன் அரசியலோடு உடன்படாத ஆசிரியர்களும் அதனை நாள்தோறும் வாசித்தார்கள். மறுதரப்பு என்ன சொல்கிறது என்று தெரியாமல் செய்தி எழுத முடியாது. அக்காலத்தில் வி.பி.என். இவ்வளவு புழக்கத்தில் இல்லை. முகவரி அடித்தால் பக்கத்தை இழுத்துவந்து காட்டும் இலவசப் பதிலித் தளங்கள் இருந்தன. சூதாட்ட விளம்பரங்களுக்கு நடுவே போர்ச் செய்தியை வாசித்தோம். பின்னர் 2011 டிசெம்பர் முதல் 2015 ஜனவரி ஆட்சி மாற்றம் வரை கொழும்பு ரெலிகிராப் தளமும் அவ்வாறே உள்நாட்டில் மூடப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, இலங்கையைப் பற்றிய தளமொன்றை இலங்கையர்கள் வெளிநாட்டார் போல வேடமிட்டு வாசித்தார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். அவ்விரு தளங்களும் அன்று பதிலி வழியாக வருபவரை மறித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தடைபோட்ட அதிகாரி பாதி வேலையைத்தான் செய்திருந்தார். மறுபாதியைத் தளத்தின் உரிமையாளரே செய்து முடித்திருப்பார். நாடு கடந்து தமிழில் செய்தித் தளம் நடத்தும் எவரும், தம்மை என்றாவது ஒருநாள் ஏதாவதோர் அரசாங்கம் மூடும் என்பதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். இணையச் சேவை வழங்குநர்கள் ஊடாகத் தளங்களை மூடுவிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தே 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எழுதப்பட்டது.

புலம்பெயர்ந்த வாசகர்கள் இது இலங்கையின் தலைவிதி என்று நினைத்துவிட வேண்டாம். 2018 மே 25இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்த அன்றே லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ், சிக்காகோ ட்ரிபியூன் போன்ற பெரிய பத்திரிகைகள் ஐரோப்பாவிலிருந்து வந்த அனைவரையும் வாசலில் நிறுத்தின. பாரிஸிலும் பேர்லினிலும் இருந்த வாசகர்கள் அமெரிக்காவில் இருப்பவர்களாக வேடமிட்டே அவற்றைத் திறந்தார்கள். 2025 ஜூலை 25 முதல் பிரித்தானியாவில் வயதைச் சரிபார்க்கும் கட்டாயம் வந்தபோது அங்கே வி.பி.என். செயலிகள் தரவிறக்கப் பட்டியலின் உச்சியில் நின்றன. அதே ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், வயதுவந்தோருக்கான தளங்கள் வி.பி.என். வழியாக வருவோரையே தடுக்கவேண்டும் என்று ஒரு சட்டமூலம் முன்வைக்கப்பட்டது. வருபவர் எந்த மாநிலத்தவர் என்பதை மறைப்பதுதான் வி.பி.என்.; அப்படியிருக்க, அதற்குப் பணிந்துபோக நினைக்கும் தளம் உலகிலுள்ள வி.பி.என். பாவனையாளர் அனைவரையும் அல்லவா மறிக்கவேண்டும்? சட்டம் எழுதுபவர்களுக்கு இது எவராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

நண்பரின் தொல்லையை நான் சிறிதாக எண்ணவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, தன் தாயை இழுத்து எழுதப்பட்ட வசனங்களை அழித்துக்கொண்டிருப்பவர் அவர். அவருக்குத் தத்துவம் போதாது, வழி வேண்டும். அதற்கு விக்கிப்பீடியாவைப் பார்க்கச் சொன்னேன். யாரும் எந்த வழியாலும் வந்து வாசிக்கலாம். ஆனால் திறந்த பதிலிகள், வி.பி.என். சேவைகள் பலவற்றிலிருந்து பக்கங்களைத் திருத்த முடியாது. நாசம் செய்பவர்களை அவர்கள் சமாளிப்பது இவ்வாறுதான். வாசிக்கும் வாசல் வேறு, எழுதும் வாசல் வேறு.

இதிலும் ஓட்டை உண்டு என்பதைச் சொல்லவேண்டும். 2017 ஏப்ரல் 29 முதல் 2020 ஜனவரி 15 வரை துருக்கி அரசு விக்கிப்பீடியாவை முழுமையாக மூடியது. அந்நாட்டுப் பங்களிப்பாளர் வி.பி.என். இன்றி உள்ளே வரமுடியாது; வி.பி.என். உடன் வந்தால் விக்கிப்பீடியாவின் சொந்த விதி திருத்த விடாது. இறுதியில், நன்கறிந்த பங்களிப்பாளர்களுக்கு அத்தடையிலிருந்து தனித்தனியே விலக்களிக்கும் ஏற்பாடுதான் கைகொடுத்தது. அறிமுகமானவருக்குப் பக்கக் கதவு. சிறிய தளங்களுக்கு இது பெரிய தளங்களை விடவும் எளிது. என் நண்பருக்குத் தன் தளத்தில் ஒழுங்காகக் கருத்தெழுதுபவர்கள் இருபது முப்பது பேரைப் பெயரோடு தெரியும்.

ஆகவே நான் சொன்னது இவ்வளவுதான். வாசிப்பவரை எந்த வேடத்தில் வந்தாலும் விடுங்கள். கருத்தெழுத வி.பி.என். வழியாக வருபவரின் எழுத்தை உடனே வெளியிடாமல் நிறுத்திவைத்து, பார்த்துவிட்டு வெளியிடுங்கள். தெரிந்தவர்களுக்கு விலக்குக் கொடுங்கள். மறிக்கத்தான் வேண்டுமென்றால், ஏன் மறிக்கிறீர்கள் என்று தமிழில் இரண்டு வரியும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் அந்தப் பக்கத்தில் போடுங்கள். வெறுமனே 403 என்று ஓர் இலக்கத்தைக் காட்டி ஆளைத் திருப்பியனுப்பாதீர்கள். சட்ட காரணத்தால் மூடப்பட்ட பக்கத்திற்கு 451 என்று ஓர் இலக்கத்தை இணையப் பொறியியலாளர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். புத்தகங்கள் எரிக்கப்படும் உலகைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய நாவலின் தலைப்பிலுள்ள எண் அது. பொறியியலாளருக்கும் அவ்வளவு இலக்கியம் தெரிந்திருக்கிறது.

மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். பிறகு, "அப்ப கருத்தையெல்லாம் நான்தானே அண்ணை இருந்து வாசிக்கவேணும்?" என்றார். ஆம் என்றேன். நாளேட்டில் வாசகர் கடிதங்களை அவர்தான் தெரிவு செய்தார், அப்போது முணுமுணுக்கவில்லை என்று ஞாபகப்படுத்தினேன். சிரித்தார். அன்றிரவே வாசிக்கும் பக்கங்களைத் திறந்தபடி விட்டுக் கருத்துப் பகுதியை மட்டும் மாற்றியமைத்திருக்கிறார்.

சந்தா செலுத்தும் பக்கத்தைப் பற்றித்தான் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. களவெடுத்த கடனட்டைகள் அந்த வழியாகத்தான் வருகின்றன, அதையாவது பூட்டுகிறேன் என்கிறார் அவர். ஊரிலிருந்து சந்தா கட்டுபவர், தான் இந்தத் தளத்திற்குக் காசு கொடுப்பது வேறெவருக்கும் தெரியக்கூடாதென்று நினைக்க நியாயமுண்டு என்கிறேன் நான். ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.